யார் கையில் சாவி?

சந்தாபுரா ஒரு சாலையோர ஊர். பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது. ஆனேக்கல்லுக்குப் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா, ஜிகணி ஆகிய தொழிற்பகுதிகள் இந்த ஊரைச் சுற்றி உள்ளன. பொழுது விடிந்தால் ஏராளமானவர்கள் இங்கிருந்து வேலைக்குப் புறப்படுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து குடியேறிய தமிழர்களும் அவர்களில் உண்டு.

கம்பெனி வாசலில் ஒரு சின்ன இயந்திரம் இருக்கும். அதில் விரலை வைக்க வேண்டும். 'பீப்' என்று சத்தம் வரும். வந்த நேரம் பதிவாகிவிடும். அந்தப் பதிவை வைத்துத்தான் சம்பளக் கணக்கு. ஓவர்டைம் கணக்கும் அதை வைத்துத்தான்.

விரல் வைத்த இடம் வாசல். சம்பளம் போடும் இடம் உள்ளே இருக்கும் அலுவலகம். வாசலில் பதிந்த நேரம் அலுவலகத்துக்கு எப்படிப் போகிறது?

கேபிள் வழியாகப் போகிறது. நடுவில் ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியின் பெயர் 'நெட்வொர்க் ஸ்விட்ச்'. அந்தப் பெட்டிக்கும் பூட்டு உண்டு, சாவி உண்டு. சாவி யார் கையில் இருக்க வேண்டும்? இதைப் பற்றியதுதான் இந்தப் பாடம்.

பெட்டி என்ன செய்கிறது?

ஸ்விட்ச் என்றதும் விளக்குப் போடும் ஸ்விட்ச் நினைவுக்கு வரும். இது அது அல்ல.

இது தட்டையான இரும்புப் பெட்டி. முன்பக்கம் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். சில பெட்டிகளில் 8, சிலவற்றில் 24, சிலவற்றில் 48. ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு கேபிள் செருகியிருக்கும். ஒரு கேபிளின் மறுமுனையில் கம்ப்யூட்டர். இன்னொன்றில் கேமரா. இன்னொன்றில் வருகை பதியும் இயந்திரம். பச்சை விளக்குகள் மினுக் மினுக்கென்று எரியும்.

ஒரு தபால்காரரை எண்ணிப் பாருங்கள். தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கடிதத்தை உரியவர் வீட்டில்தான் போடுவார். எல்லா வீட்டிலும் போடமாட்டார். ஸ்விட்சும் அப்படித்தான். எந்த ஓட்டையில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று அது குறித்து வைத்துக்கொள்ளும். ஒரு செய்தி வந்தால் உரிய ஓட்டைக்கு மட்டும் அனுப்பும்.

மருத்துவமனை, வங்கி, கல்லூரி, ரயில் நிலையம் எல்லாவற்றிலும் இந்தப் பெட்டி இருக்கிறது. சந்தாபுராவுக்கு அருகில், எலக்ட்ரானிக் சிட்டியில், தேஜஸ் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. அது 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. செய்திகளைக் கடத்தும் இத்தகைய சாதனங்களை நம் நாட்டிலேயே வடிவமைக்கிறது.

பெட்டியோடு பேசுவது எப்படி?

ஸ்விட்சுக்கு வேலை சொல்ல வேண்டும். '5-ஆம் ஓட்டையை மூடு' என்று சொல்லலாம். 'கேமராக்களை ஒரு பிரிவாக வை, சம்பளக் கம்ப்யூட்டர்களை வேறு பிரிவாக வை' என்றும் சொல்லலாம்.

இதைச் சொல்பவர் நெட்வொர்க் பணியாளர். அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புத் திரை தெரியும். அதில் படம் இருக்காது, பொத்தான் இருக்காது. அவர் ஒரு வரி தட்டச்சு செய்வார். பெட்டி ஒரு பதில் தரும். மறுபடி ஒரு வரி, மறுபடி ஒரு பதில். தந்தி அடிப்பதுபோலச் சுருக்கமான வரிகள். இதற்குக் 'கட்டளை வரி' என்று பெயர்.

பணியாளர் உள்ளே நுழைந்தது முதல் வெளியே வருவது வரை நடக்கும் பேச்சுக்குச் 'செஷன்' என்று பெயர்.

உள்ளே நுழைய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, பெட்டியின் அருகில் போவது. அதற்கென்று ஒரு தனி ஓட்டை இருக்கிறது. அதைக் 'கன்சோல்' என்பார்கள். அதில் கேபிளைச் செருகிப் பேசலாம்.

இரண்டாவது வழி 'டெல்நெட்'. தூரத்திலிருந்தே பேசலாம். ஆனால் இதில் ஒரு கெடுதல் உண்டு. பேசுவது எல்லாம் திறந்த அஞ்சலட்டைபோலப் போகும். வழியில் யாரும் படித்துவிடலாம். பாஸ்வேர்டையும் படித்துவிடலாம்.

மூன்றாவது வழி 'எஸ்எஸ்எச்'. இதுவும் தூரத்திலிருந்து பேசுவதுதான். ஆனால் இது மூடி ஒட்டிய உறை. வழியில் எடுத்தாலும் படிக்க முடியாது. பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடிப் படித்தார்கள். அதைக் கண்ட தாத்து யுலோனென் என்பவர் 1995-இல் இந்த வழியை உருவாக்கினார். இன்று உலகம் முழுவதும் இதுவே நல்ல வழி. டெல்நெட் வாசலை அடைத்துவிடுவதே சரி.

ஒரே சாவி, பத்துப் பேர்

இனி ஒரு கம்பெனியைக் கற்பனை செய்து பார்ப்போம்.

அங்கே நெட்வொர்க் வேலை பார்ப்பவர்கள் பத்துப் பேர். நான்கு பேர் நிரந்தரப் பணியாளர்கள். ஆறு பேர் காண்ட்ராக்ட். ஸ்விட்சில் நுழைய எல்லோருக்கும் ஒரே பெயர்: 'அட்மின்'. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது ஒரு காகிதத்தில் எழுதி, சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஒருநாள் இரவு 2 மணி 10 நிமிடம். யாரோ ஸ்விட்சில் நுழைகிறார். ஓர் ஓட்டையை மூட நினைத்து வேறோர் ஓட்டையை மூடிவிடுகிறார். வருகை பதியும் இயந்திரம் செத்துப்போகிறது. காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள் விரல் வைக்கிறார்கள். பதிவாகவில்லை. வாசலில் நீண்ட வரிசை. 'இன்றைய சம்பளம் போச்சா?' என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள்.

மேலாளர் பதிவேட்டைப் பார்க்கிறார். ஸ்விட்ச் தன் பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது: '2 மணி 10 நிமிடம், அட்மின் வந்தார். ஓட்டை மூடப்பட்டது.'

அட்மின் யார்? பத்துப் பேரும் அட்மின்தான்.

'நான் இல்லை' என்கிறார் ஒருவர். 'நானும் இல்லை' என்கிறார் அடுத்தவர். கடைசியில் என்ன நடக்கும்? 'ராத்திரி ஷிஃப்டில் இருந்தது யார்?' என்று கேட்பார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் பெயர் வரும். அவர் செய்தாரா இல்லையா என்பதற்குச் சாட்சி கிடையாது. ஆனாலும் பழி அவர் தலையில்தான் விழும். ஊரில் சொல்வார்கள்: 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.'

எல்லோருக்கும் ஒரே சாவி என்றால், தவறு செய்தவர் தப்பித்துவிடுவார். தவறு செய்யாதவர் மாட்டிக்கொள்வார்.

ஆளுக்கு ஒரு பெயர்

இதற்கு வழி மிகவும் எளிது. பத்துப் பேருக்கும் பத்துப் பெயர். பத்துப் பேருக்கும் பத்து பாஸ்வேர்டு. ஒருவருடையது மற்றவருக்குத் தெரியக் கூடாது.

அப்போது பதிவேடு 'அட்மின் வந்தார்' என்று எழுதாது. வந்தவர் பெயரை எழுதும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தார் என்றும் எழுதும். இரவு ஷிஃப்டில் இருந்த தொழிலாளி உள்ளே நுழையவே இல்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும்.

ஆகவே தனிப் பெயர் என்பது தொழிலாளியை வேவு பார்க்க மட்டும் அல்ல. அது அவரைக் காக்கும் சாட்சியும் ஆகும். மஸ்டர் ரோலில் தன் பெயருக்கு நேரே தானே கையெழுத்துப் போடுவதுபோல. கைநாட்டு வைத்தவர் கையெழுத்துப் போடக் கற்பது எதற்காக? தன் பெயரில் வேறொருவர் கணக்கு எழுதாமல் இருப்பதற்காகவும்தானே?

பாஸ்வேர்டை நண்பருக்குச் சொல்வது உதவி ஆகாது. அவர் செய்வது எல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும்.

வேலைக்கு ஏற்ற உரிமை

பெயர் கொடுத்தால் போதுமா? போதாது. எவ்வளவு தூரம் போகலாம் என்றும் சொல்ல வேண்டும்.

பஸ் டிப்போவில் எல்லோரும் உள்ளே போகலாம். ஆனால் பஸ்ஸை எடுக்க டிரைவருக்கு மட்டுமே உரிமை. பணப் பெட்டியைத் திறக்கக் காசாளருக்கு மட்டுமே உரிமை. ஸ்விட்சிலும் இப்படிப் படிகள் உண்டு. சிஸ்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஸ்விட்சுகளில் 0 முதல் 15 வரை படிகள் இருக்கின்றன. 1-ஆம் படியில் உள்ளவர் சிலவற்றைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. 15-ஆம் படியில் உள்ளவர் எல்லாவற்றையும் மாற்றலாம்.

விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் பணியாளருக்கு 15-ஆம் படி தேவையில்லை. கொடுக்காமல் இருப்பது அவரை அவமதிப்பது ஆகாது. தெரியாமல் தவறு நேராமல் காப்பது ஆகும்.

இந்த எல்லை ஆட்களுக்கு மட்டும் அல்ல, இயந்திரங்களுக்கும் வேண்டும். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டன. பல நாட்கள் நோயாளிகளின் பெயர்களைக் கையால் எழுதிப் பதிய வேண்டியிருந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று மத்திய அரசு பின்னர் நாடாளுமன்றத்தில் கூறியது. வீட்டுக்குள் அறைகளுக்குக் கதவு இல்லை என்றால், வாசலில் நுழைந்த திருடன் எல்லா அறைக்கும் போவான். ஸ்விட்சில் பிரிவுகள் வைப்பது அறைகளுக்குக் கதவு வைப்பதுபோல.

பேச்சு முடிந்தால் கதவைச் சாத்து

பலர் மறக்கும் வேலை ஒன்று உண்டு. உள்ளே நுழைவார்கள். வேலை முடிப்பார்கள். வெளியே வராமல் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

செஷன் திறந்தே கிடக்கும். அந்த நாற்காலியில் வேறு யார் உட்கார்ந்தாலும் அவர் பெயரிலேயே கட்டளை தரலாம். கன்சோல் ஓட்டையில் இது இன்னும் மோசம். கேபிளைப் பிடுங்கினால் மட்டும் செஷன் முடியாது. அடுத்தவர் வந்து தன் கேபிளைச் செருகினால் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விட்டுவிடும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. ஒரே நேரத்தில் தூரத்திலிருந்து இத்தனை பேர்தான் நுழையலாம் என்று ஸ்விட்சில் கணக்கு இருக்கிறது. பல ஸ்விட்சுகளில் 16 பேர். சில பழைய சாதனங்களில் 5 பேர்தான். மூடாத செஷன்கள் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டால், அவசரத்துக்கு வருபவருக்கு இடம் இருக்காது. ஆள் இல்லாத சீட்டில் துண்டு போட்டு வைத்தது போல ஆகிவிடும்.

இதற்கு மூன்று பழக்கங்கள் வேண்டும்.

ஒன்று: வேலை முடிந்ததும் 'எக்ஸிட்' என்று தட்டச்சு செய்து வெளியே வர வேண்டும்.

இரண்டு: மறந்து போகிறவர்களுக்காக ஸ்விட்சில் நேர வரம்பு வைக்க வேண்டும். 5 நிமிடமோ 10 நிமிடமோ ஒருவர் எதுவும் தட்டவில்லை என்றால் பெட்டியே அவரை வெளியே அனுப்பிவிடும். சிலர் தொந்தரவு என்று நினைத்து இந்த வரம்பை எடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது.

மூன்று: உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். சிஸ்கோ ஸ்விட்சில் 'ஷோ யூசர்ஸ்' என்று கேட்டால் பட்டியல் வரும். யார், எங்கிருந்து, எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று தெரியும். தேவையில்லாத செஷனை வெட்டிவிடலாம். ஆனால் வெட்டும் முன் அவரைக் கேட்க வேண்டும். அவர் பாதி வேலையில் இருக்கலாம்.

மாற்றாத சாவி

புதுப் பூட்டு வாங்கினால் சாவியும் கூடவே வரும். சில சாதனங்களில் பாஸ்வேர்டும் அப்படித்தான் வருகிறது. ஒரே மாதிரிப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அது உலகத்துக்கே தெரிந்த சாவி.

2016-இல் 'மிராய்' என்ற கெட்ட மென்பொருள் பரவியது. உலகெங்கும் கேமராக்களையும் வீட்டு இணையப் பெட்டிகளையும் அது தேடியது. டெல்நெட் வாசலைத் தட்டியது. கம்பெனியே வைத்த பெயர், பாஸ்வேர்டு என்று சுமார் 60 ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. லட்சக்கணக்கான பெட்டிகள் திறந்துகொண்டன. அந்தப் பெட்டிகளைக் கொண்டே அது பெரிய இணையத் தளங்களை முடக்கியது.

2018 ஏப்ரலில் வேறொரு தாக்குதல் நடந்தது. சிஸ்கோ ஸ்விட்சுகளில், புதுப் பெட்டியைத் தூரத்திலிருந்தே அமைக்க ஒரு வசதி இருந்தது. அதற்குப் பாஸ்வேர்டே கிடையாது. வேலை முடிந்ததும் அந்த வாசலைப் பலர் மூடவில்லை. தாக்கியவர்கள் அதன் வழியே நுழைந்து, பெட்டியில் இருந்த அமைப்புகளை அழித்தார்கள். உலகெங்கும் சுமார் 2 லட்சம் சாதனங்கள் பாதிக்கப்பட்டன என்றும், ஈரானில் மட்டும் சுமார் 3500 என்றும் ஈரான் அரசு கூறியது.

வேலையை விட்டுப் போனவர்களின் பெயரும் இப்படித்தான். ஆள் போன அன்றே அவர் பெயரையும் எடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பெட்டியாகப் போய் எடுப்பது கடினம். அதனால் பெரிய நிறுவனங்கள் எல்லாப் பெயர்களையும் ஒரே பொதுப் பதிவேட்டில் வைக்கின்றன. எந்த ஸ்விட்சில் யார் நுழைந்தாலும் ஸ்விட்ச் அந்தப் பதிவேட்டைக் கேட்கும். ஓரிடத்தில் பெயரை அடித்தால் எல்லா வாசலும் மூடிக்கொள்ளும்.

ஒருவர் கையில் மட்டும்

அப்படியானால் சாவியை ஒரே ஒருவரிடம் கொடுத்துவிட்டால் பாதுகாப்பா? அதுவும் இல்லை.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் இருக்கிறது. நகராட்சியின் சம்பளக் கணக்கு, கடிதங்கள், காவல்துறைப் பதிவுகள் எல்லாம் ஒரு பெரிய நெட்வொர்க்கில் ஓடின. அதை அமைத்த பொறியாளர் டெர்ரி சைல்ட்ஸ். முக்கியமான பாஸ்வேர்டுகள் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

2008 ஜூலையில் மேலதிகாரிகள் அவற்றைக் கேட்டார்கள். அவர் தர மறுத்தார். தகுதி இல்லாதவர்களிடம் கொடுத்தால் நெட்வொர்க் கெட்டுவிடும் என்பது அவர் வாதம். அவரைக் கைது செய்தார்கள். நெட்வொர்க் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நகராட்சியால் அதில் எதையும் மாற்ற முடியவில்லை. கடைசியில் நகர மேயரே சிறைக்குப் போனார். மேயரிடம் மட்டும் அவர் பாஸ்வேர்டுகளைச் சொன்னார். 2010-இல் நீதிமன்றம் அவருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அவர் நல்ல எண்ணத்தில் செய்தாரா, பிடிவாதத்தில் செய்தாரா என்று பலரும் விவாதித்தார்கள். ஆனால் ஒன்று தெளிவு. பலர் நம்பியிருக்கும் சொத்தின் சாவி ஒரே ஒருவர் நெஞ்சுக்குள் இருக்கக் கூடாது. நாளை அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது?

அதனால் குறைந்தது இருவருக்கு முழு உரிமை இருக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு தனிப் பெயரும் பாஸ்வேர்டும் எழுதி, உறையில் ஒட்டி, சீல் வைத்து, அலமாரியில் பூட்ட வேண்டும். உறையைப் பிரித்தால் எதற்குப் பிரித்தோம் என்று எழுத வேண்டும். பிறகு அந்தப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

ஸ்விட்ச் இருக்கும் அறைக்கும் பூட்டு வேண்டும். பெட்டியைக் கையால் தொட முடிந்தவர், அதை அணைத்து எழுப்பிப் பாஸ்வேர்டையே மாற்றிவிட முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. உரியவர் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரிலோ நெட்வொர்க்கிலோ நுழைவது சட்டத்தை மீறுவது என்று அதன் 43-ஆம் பிரிவு சொல்கிறது. இழப்பீடு தர வேண்டும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மோசடியாகப் பிறர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் அதற்கென்று 66-சி என்ற தனிப் பிரிவு இருக்கிறது.

'செர்ட்-இன்' என்பது இத்தகைய தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. அது 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை வெளியிட்டது. அதன்படி நிறுவனங்கள் தங்கள் சாதனங்களின் பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லாச் சாதனங்களின் கடிகாரமும் சரியான நேரத்தைக் காட்ட வேண்டும்.

கடிகாரம் எதற்கு? ஒரு பெட்டி 2 மணி என்கிறது, இன்னொரு பெட்டி 4 மணி என்கிறது என்றால், யார் எப்போது வந்தார் என்று எப்படிச் சொல்வது? நேரம் தவறிய சாட்சி, சாட்சியே அல்ல.

தொழிலாளி என்ன கேட்கலாம்?

நெட்வொர்க் வேலையில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் முதல் நாளே கேட்கலாம்: 'எனக்குத் தனிப் பெயர் தருவீர்களா?' பொதுப் பாஸ்வேர்டைத் தந்தால், தனியாக வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். வேலையை விடும்போது, 'என் பெயரை எடுத்துவிட்டீர்களா?' என்றும் கேட்க வேண்டும். எடுக்காவிட்டால், நாளை யாரோ செய்வது போனவர் பெயரில் பதிவாகும்.

இந்த வேலையே தெரியாதவர்களும் ஒன்று செய்யலாம். விரல் வைத்தும் பதிவாகாத நாளில் உடனே சூபர்வைசரிடம் சொல்ல வேண்டும். ஒரு தாளில் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி பேசாத நாளில் அந்தத் தாள்தான் பேசும்.

யோசித்துப் பாருங்கள், கலந்து பேசுங்கள்

1. எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு இருந்தால் யாருக்கு நஷ்டம்?

2. முழு உரிமையும் ஒருவரிடம் மட்டும் இருந்தால் என்ன ஆபத்து?

3. உங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டி அறையின் சாவி யார் யாரிடம் இருக்கிறது? யார் எப்போது திறந்தார்கள் என்று எழுதி வைக்கிறார்களா?

4. உங்கள் செல்போன், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் இரகசிய எண் வேறு யாருக்குத் தெரியும்? அதை இன்றே மாற்ற வேண்டுமா?